காப்பு அவிழாத பாத்தி

என் மனைவி சாந்தாமணி போட்ட காளான் பாத்தி ஆவணியில் முளைக்கவில்லை, புரட்டாசியில் முளைக்கவில்லை, ஐப்பசி மழை தோப்பு முழுக்கக் கண்ட கண்ட காளானை எல்லாம் கிளப்பிவிட்டு, சாணிக் குவியலில் ஒன்று, அழுகிய மட்டையில் ஒன்று, பம்புசெட்டுச் சுவரின் வெடிப்பில்கூட ஒன்று என்று குடை குடையாக நிறுத்திவிட்டுப் போனபோதும் அந்தப் பாத்தி மட்டும் முளைக்கவில்லை.

நான்கு தென்னை மரங்களுக்கு நடுவே, இரண்டு கயிற்றுக் கட்டில்களை ஒட்டிப் போட்டால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இடத்தில், அவள் அதை வைகாசியில் போட்டாள். அட்டைப் பெட்டிகளைப் பிரித்து நனைத்து அடியில் விரித்தாள். தென்னை மட்டை அரைக்கும் மெஷின் வாடகைக்கு வந்த அன்று வேலியோரம் கிடந்த கிளை, கட்டை எல்லாவற்றையும் அதற்குள் தள்ளச் சொல்லி, வந்து விழுந்த மரச்சில்லை ஓர் அடுக்கு, அதன்மேல் காளான் விதை ஒரு கைப்பிடி, மறுபடி ஓர் அடுக்கு என்று முழங்கால் உயரத்துக்கு நிதானமாக அடுக்கினாள். மகளிர் குழுவில் யாரும் அதை நம்பவில்லை. குடிசைக்குள் பை கட்டித் தொங்கவிட்டுத்தான் காளான் வளர்ப்பார்கள், இவள் வெட்டவெளியில் விறகுக் குப்பையில் வளர்க்கிறாளாம் என்று சிரித்தார்கள். "சிரிங்க, சிரிங்க. குழம்பு வெச்சா கிண்ணத்தத் தூக்கிட்டு மொதல்ல வர்றது நீங்கதான்" என்றாள்.

ஆடியில் வயிறு கனக்கிறது என்றாள். ஆவணியில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஈரலில் கட்டி என்றார்கள். ஐப்பசியில், இனி ஊசி போட்டு வருத்த வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், கார்த்திகை தாண்டாது என்றார்கள். அதை அவளுக்குத் தெரியாமல் என்னிடம் தனியாகச் சொன்னார்கள்; காரில் ஏறி உட்கார்ந்தவுடன் அவள் அதையே என்னிடம் சொன்னாள்.

"கார்த்திகைன்னா இன்னும் நாள் கெடக்குது. பாத்தி என்னாச்சுங்க?"

"இன்னும் வர்லே."

"வரட்டும். ஒரு வாய் குழம்பு வெச்சுத் தின்னுபோட்டுப் போறேன். போட்டவ தின்னாமப் போனா குழுக்காரிக சிரிப்பாளுக."

அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. பாத்தியை முளைக்க வைக்க வேண்டும். பாத்தி முளைத்துவிடக் கூடாது. இரண்டில் எதை நான் மனதார வேண்டினேன் என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலையில் பூவாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவேன். போகும்போதே பாதித் தண்ணீர் வழியில் சிந்திவிடும். வேண்டுமென்றே சிந்தினேனா, கை தவறிச் சிந்தியதா என்று கேட்டுக்கொண்டே மறுபடி மோட்டாருக்குத் திரும்புவேன்.

தோட்டக்கலை ஆபீசில் காளான் பிரிவைப் பார்க்கிற ரெஹானா என்ற பெண் ஸ்கூட்டரில் வந்தாள். சில்லை ஒரு கை அள்ளிப் பிழிந்து பார்த்தாள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டுத்தான் வந்தது, அவ்வளவுதான் வர வேண்டும் என்றாள். மோந்து பார்த்தாள், புளிப்பு வாடை இல்லை, மழைக்காட்டு வாடை. பக்கவாட்டில் மெல்லத் தோண்டினாள். சில்லையெல்லாம் வெள்ளை நூல் பின்னிப் பிடித்து, ஒரு துண்டை எடுத்தால் போர்வைபோல மொத்தமும் கூடவே எழுந்தது. நிழல் பார்த்தாள், புழு பார்த்தாள், மேலே தூவிய மண்ணின் கனம் பார்த்தாள்.

"எல்லாம் நல்லா இருக்குண்ணா. அதான் சிக்கல்" என்றாள்.

"நல்லா இருந்தா என்னம்மா சிக்கல்?"

"இதுக்கு சாப்பாடு இருக்கு, ஈரம் இருக்கு. சுகமா இருக்குற வரைக்கும் நூலாவே ஓடிட்டிருக்கும். தன் காலம் முடியப் போகுதுன்னு தெரிஞ்சாத்தான் காளானை வெளியே தள்ளும். ஒரு அதிர்ச்சி குடுக்கணும். ஐஸ் வெச்சுப் பாருங்க."

கட்டிலில் படுத்திருந்த சாந்தாமணி தலையைத் திருப்பினாள். "சாவப் போறது தெரிஞ்சாத்தான் காய்க்குமாக்கும். அப்ப எனக்கே ரெண்டு காளான் மொளைச்சிருக்கோணுமே கண்ணு."

ரெஹானா கையைத் துடைத்துக்கொண்டாள். காற்று நன்றாக வருகிறது என்று சாந்தாமணியே கேட்டுத்தான் கட்டிலைப் பாத்தியை ஒட்டிப் போட்டிருந்தேன். படுத்தபடி கையைத் தொங்கவிட்டால் அவள் விரல் சில்லில் படும்.

மீன்கடையில் இரண்டு ஐஸ் கட்டி வாங்கி, சாக்கில் சுற்றி மொபெட்டில் கொண்டுவந்து பாத்தியின் நடுவில் வைத்தேன். மறுநாள் காலை அவை அப்படியே இருந்தன. அதற்கு மறுநாளும் இருந்தன. வெயில் பட்டது, காக்கை ஒன்று மேலே உட்கார்ந்து காலை மாற்றி மாற்றித் தூக்கி வைத்துவிட்டுப் பறந்தது, கட்டியின் முனைகூட மழுங்கவில்லை.

"மீன்கடைக்காரன் நல்ல ஐஸாத்தான் குடுத்திருக்கறான்" என்றாள் சாந்தாமணி.

சலூன்கார கனகுதான் வெளியாட்களில் முதலில் பார்த்தவர். ஐஸைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஏனுங்கண்ணா, வீட்டுல ஃப்ரிட்ஜ் ரிப்பேருங்க. சம்சாரம் ஆட்டுன மாவு ஒரு குண்டான் இருக்குது, இங்க வெச்சுக்கட்டுங்களா?" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. கனகுவின் மாவுக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பால் வந்தது, அதற்குப் பக்கத்தில் மீன்கடையின் மீந்த மத்தி வந்தது, மீன் கவுச்சி மாவில் அடிக்கிறது என்று சண்டை வந்தது, கிழக்கு மூலை கவுச்சிக்கு, மேற்கு மூலை சைவத்துக்கு என்று பிரிப்பதற்கு ஆட்கள் வந்தார்கள், அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்த பால்கூட அந்தப் பாத்தியில் இருந்த பால்தான், பத்து நாளாகியும் அன்று கறந்த மாதிரியே இருந்தது. மல்லிகைக்காரர்கள் கூடை கூடையாக மொட்டைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். விடியற்காலை பறித்த மொட்டு எத்தனை நாள் வைத்தாலும் விரியாமல் அப்படியே இருக்கிறது என்று தூர ஊர்ச் சந்தைக்கெல்லாம் அனுப்பினார்கள். ஊரில் யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை, வசதி என்றார்கள். சாந்தாமணி படுத்த இடத்திலிருந்தே, எது யாருடைய தூக்குப்போசி என்று சொல்லிக்கொண்டிருந்தாள், பொழுது போனது.

குறை தெரிய நாளாயிற்று. மாவை எடுத்துப் போய் எவ்வளவு நேரம் வைத்தாலும் பொங்கவில்லை. ஊர் இட்லியை விட்டுவிட்டுத் தோசைக்கு மாறியது. ஒரு கல்யாணப் பெண்ணின் தலையில் மூன்று நாளும் மல்லிகை அரிசி அரிசியாக மொட்டாகவே இருந்ததாம். பூக்காரரை அந்த வீட்டார் தேடிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் வெள்ளை நூல் பாத்தியைத் தாண்டி, தோப்பைத் தாண்டி, ரோட்டுக்கு அடியில் புகுந்து ஊருக்குள் போய்விட்டிருந்தது. எந்த வீடு உள்ளே, எந்த வீடு வெளியே என்பதைப் பால் காட்டிக்கொடுத்தது. தயிர் உறையாத வீடெல்லாம் உள்ளே. குருத்து குருத்தாகவே நின்றது, இளநீர் முற்றவில்லை, அடைக்கு உட்கார்ந்த கோழி உட்கார்ந்தபடியே இருந்து எழுந்து பார்த்து மறுபடி உட்கார்ந்தது, பங்காளிகள் இரண்டு பேர் தோப்பைப் பிரிக்கப் பேசிக்கொண்டிருந்த பேச்சு, 'அப்ப அந்தக் கெணறு' என்கிற இடத்தில் நின்று, தினமும் சாயங்காலம் கூடி தினமும் 'அப்ப அந்தக் கெணறு' என்பதோடு கலைந்தது. வெளியூர் போனவர்கள் இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். யாரும் தடுக்கவில்லை, வந்துவிட வேண்டும் என்று அவர்களுக்கே தோன்றியது.

கனகு கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். "போன மாசம் செரைச்ச மூஞ்சி எல்லாம் அப்புடியே இருக்குதுங்க. ஊரே மாப்பிள்ளையாட்டத் திரியுது. நான் என்னத்தப் பண்றது?"

கார்த்திகை வந்தது. கார்த்திகை போனது. சாந்தாமணி இருந்தாள்.

அந்த நாட்களில் நான் பாத்தியில் குறை தேடுவதை விட்டுவிட்டேன். ரெஹானா போன் செய்தால், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பேன். ஊரில் ஒரு சாவு விழவில்லை என்பதையும், இழுத்துக்கொண்டு கிடந்த கிழங்கள்கூட இழுத்துக்கொண்டே கிடக்கின்றன என்பதையும் எல்லோரையும்போல நானும் கவனித்தேன். அவர்களைப்போல வாயைத் திறந்து பேசவில்லை. பூவாளியை ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய் ஊற்றினேன். பாத்தி சுகமாக இருக்கட்டும், அதற்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும் என்று ஊற்றினேன். காலையில் எழுந்து அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். நேற்று எவ்வளவு ஏறியதோ அவ்வளவு ஏறியது. நேற்று எந்த இடத்தில் முகத்தைச் சுளித்தாளோ அதே இடத்தில் சுளித்தாள். அந்தச் சுளிப்பைப் பற்றி நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கு ஒரு மனிதனுக்கு எவ்வளவு தெம்பு இருக்கிறது.

மார்கழியில் ஒரு நாள், அடியில் ஈரம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, நூல் மிகத் திண்ணமாகப் பின்னியிருந்த இடத்தில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். விரலில் ஒரு கயிறு மாட்டியது. மெல்ல இழுத்தேன். மஞ்சள் தோய்த்த நூல், அதில் முடிச்சிட்ட ஒரு மஞ்சள் கிழங்கு. கிழங்கு முளைவிடவும் இல்லை, சுருங்கவும் இல்லை, அன்று காலை கட்டியதுபோல் இருந்தது. பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன்.

"என்னங்க அது?" என்றாள் கட்டிலிலிருந்து.

"வேரு."

"வேருக்கு மஞ்ச பூசியிருக்குதுங்களா?"

நான் கையைக் கழுவப் போனேன்.

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்குக் கோயில் முன்னால் மூன்று கிளை பிரிந்த பால்மரக் கம்பம் ஒன்றை நட்டு, பூசாரி அதற்குக் காப்புக் கட்டுவார். தினமும் விடிகாலையில் பெண்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். காப்புக் கட்டிவிட்டால், கம்பத்தைப் பிடுங்கித் தண்ணீரில் விட்டு அங்கேயே காப்பை அவிழ்க்கிறவரை யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது, ஊரில் எதையும் தொடங்கவும் கூடாது, முடிக்கவும் கூடாது. எப்போதும் ஊர்க்கிணற்றில்தான் விடுவார்கள். இந்த வருஷம் கிணற்றை மூடி அதன்மேல் தண்ணீர்த்தொட்டி கட்டியிருந்தார்கள். வாய்க்காலில் விடலாமென்றால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. தண்ணீர் திறந்ததும் விட்டுக்கொள்ளலாம் என்று கமிட்டிக்காரர்கள் கம்பத்தைக் காப்போடு தூக்கிவந்து என் தோப்பு வேலியில் சாய்த்து வைத்துவிட்டு, பொங்கச்சோறு தின்னப் போனார்கள். பிறகு ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. மட்டை மெஷினுக்கு எல்லாக் கட்டையும் ஒன்றுதான்; கம்பம் சில்லாகியிருந்தது, காப்பு மட்டும் அறுபடாமல் சில்லோடு வந்து விழுந்திருந்தது.

இது தெரிந்த பிறகும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் ஒரு வாரமோ என்னவோ ஓட்டினேன்.

துளசிமணி வந்தாள். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி வீடு; என்னை மாமா என்பாள். அவளுடைய மகள் கௌசல்யா ஐப்பசியில் எட்டாம் மாத வயிற்றோடு பிரசவத்துக்கு வந்தவள், இன்னும் எட்டாம் மாத வயிற்றோடுதான் இருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, குழந்தை நன்றாக இருக்கிறது, எட்டு மாதம், இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். துளசிமணி சாந்தாமணியின் காலடியில் உட்கார்ந்து, பருத்திக்கொட்டை விலையைப் பற்றிப் பேசினாள், கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றலாமா என்று கேட்டாள், மோர் எங்கே இருக்கிறது என்று அவளே சிரித்தாள். பாத்தியைப் பார்க்கவே இல்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் வந்து போனார்கள். பாத்தியைக் கலைத்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது; அதனால் கறிவேப்பிலையைப் பற்றியே பேசினார்கள். அந்த மரியாதை எனக்கு அருவருப்பாக இருந்தது, அதைவிட்டால் எனக்குப் பிடிமானமும் இல்லை.

"கௌசி தூங்கறாளா?" என்றாள் சாந்தாமணி.

"எங்கக்கா தூங்கறா. வவுத்துல அசையறானாம். ஆனா தெனமும் அதே அசைவாமா. 'அம்மா, இவன் திரும்பிப் படுக்கவே மாட்டீங்கறான்'ங்கறா." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"துளசி, போய்ப் பூசாரியக் கூட்டிட்டு வா. கம்பத்தோட காப்பு இந்தப் பாத்திக்குள்ளதான் கெடக்குது. உங்க மாமா பொதைச்சு வெச்சிருக்கறாரு."

துளசிமணி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் செருப்பைக்கூட மாட்டாமல் போனாள்.

அவள் போன பிறகு நான் சாந்தாமணியிடம் கத்தினேன். கல்யாணமானதிலிருந்து அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. யாரைக் கேட்டுச் சொன்னாய், உனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றெல்லாம் கேட்டேன். தன் சாவைப் பற்றிப் பேச ஒருத்திக்கு என்ன உரிமை என்று நான் கேட்கிறேன் என்பது கேட்டு முடித்த பிறகுதான் உறைத்தது.

"கத்தி முடிச்சாச்சுங்களா?"

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"தும்மல் வர்ற மாதிரியே இருந்து வராமப் போகுமே, அது தெரியுங்களா உங்களுக்கு? மூக்கு சுருங்கி, கண்ணுல தண்ணி முட்டி, வாயத் தொறந்துட்டு நிப்பமே. அந்த மாதிரி ஒடம்பு பூரா இருக்குதுங்க. ஐப்பசில இருந்து. வலி ஏறுனாலும் பரவால்லைங்க, எறங்கும்னு ஒரு இது இருக்கும். இது ஏறவும் மாட்டீங்குது, எறங்கவும் மாட்டீங்குது."

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க பூவாளியத் தூக்கிட்டு வர்றதப் பாத்தா எப்புடிங்க சொல்றது?"

மாரப்பன் பூசாரி வந்து காப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுபடி பாத்தியிலேயே வைத்தார். தண்ணீரில் இறக்காமல் அவிழ்க்கிற முறை இல்லை என்றார். கம்பம் முழுசாகப் போனால்தான் ஆகும், கம்பம் இப்போது சில்லாக இருப்பதால் சில்லு மொத்தமும் போக வேண்டும் என்றார்.

"அப்ப காளான்?" என்றேன்.

பூசாரி, இந்த மனிதன் என்ன கேட்கிறான் என்று சாந்தாமணியைப் பார்த்தார்.

"காளான் வராதுங்க. அதுக்கென்ன பண்றது" என்றாள் அவள், பூசாரிக்குப் பதில் சொல்வதுபோல.

தை பிறந்து வாய்க்காலில் தண்ணீர் திறந்தார்கள். அன்று காலை ஊரே தோப்புக்குக் கூடை கொண்டுவந்தது. மாவுக் குண்டான்களையும் தூக்குப்போசிகளையும் பூக்கூடைகளையும் முதலில் எடுத்து ஓரமாக வைத்தார்கள். பிறகு பெண்கள், நோம்பிக்குச் செய்வதுபோல மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கொண்டுவந்து பாத்திக்கு ஊற்றிவிட்டு, விளிம்பிலிருந்து அள்ளத் தொடங்கினார்கள். வெள்ளை நூல் கிழிகிற சத்தம் பழைய வேட்டி கிழிகிற சத்தம்போல இருந்தது. கூடையைத் தூக்கிப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் கட்டிலருகே ஒரு நிமிடம் நின்று, "போய்ட்டு வர்றனுங்க்கா" என்றார்கள். அவளும் ஒவ்வொருவருக்கும், "செரி, பாத்துப் போங்க" என்றாள். மகளிர் குழுவில் மிக அதிகமாகச் சிரித்தவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அழுதாள். "அடச்சீ, தூக்குடி. குழம்பு இல்லேன்னு அழுகறா பாரு" என்றாள் சாந்தாமணி.

கடைசிக் கூடையை நான் தூக்கினேன். வாய்க்கால் கரையில் நின்று எல்லோரும் கொட்டினார்கள். சில்லு மூழ்காமல், நூல் பிணைப்போடு திட்டுத் திட்டாக மிதந்து கிழக்கே போயிற்று. பூசாரி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காப்பு முடிச்சில் நகத்தை வைத்தார். முடிச்சு நெகிழவில்லை. நனைத்துப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கரையில் நின்ற எங்கள் எல்லோரையும் இடமிருந்து வலமாக ஒரு பார்வை பார்த்தார்.

"எங்கியோ மிச்சம் இருக்குதுங்க" என்றார்.

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட பாடு அவர்கள் கழுத்தில் தெரிந்தது. கௌசல்யா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கால்களையும் அகட்டி வைத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வேட்டி மடிப்பில் ஒரு கைப்பிடிச் சில்லு இருந்தது. அதை எப்போது எடுத்து வைத்தேன் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் எதற்காக வைத்தேன் என்பதுதான் தெரியவில்லை: அவளுக்கு ஒரு காளானாவது முளைக்க வைக்கவா, அவளைப் போகவிடாமல் இருக்கவா. இரண்டில் ஒன்றுதான் என்று அடித்துச் சொல்கிறவர்கள் மடியில் எதையும் வைத்திருந்ததில்லை என்று நினைக்கிறேன்.

மடிப்பை அவிழ்த்துத் தண்ணீரில் உதறினேன். முடிச்சு பூசாரியின் விரலில் தானாகக் கழன்றது.

நான் தோப்புக்கு ஓடினேன். ஓடும்போதே இரண்டு பக்கமும் தேங்காய் விழத் தொடங்கிவிட்டது. ஓரத்தில் வைத்திருந்த மாவுக் குண்டான்கள் பொங்கி வழிந்து மண்ணில் ஓடிக்கொண்டிருந்தன, கூடைகளில் மல்லிகை மொத்தமும் ஒரே மூச்சில் விரிந்து அந்த வாசனையில் மூச்சு முட்டியது, ஐஸ் கட்டி இருந்த இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது. பங்காளிகள் வீட்டுப் பக்கம் 'அப்ப அந்தக் கெணறு எனக்குத்தான்' என்று ஒரு குரல் கேட்டது. சாந்தாமணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தும்மினாள். மறுபடி தும்மினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா" என்றாள். வெந்நீர் கேட்டாள், நான் வைத்துக் கொண்டுவந்தேன், பாதி குடித்தாள். பொழுது சாய்வதற்குள் வலி ஏறியது, பின்பு இறங்கியது, இறங்கியபோது அவளும் போய்விட்டாள். அதே நேரத்துக்கு இரண்டு வீடு தள்ளிக் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. ஊர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் ரோட்டில் நின்றது.

கருமாதிக்கு முந்தின நாள் கனகு எனக்குச் சவரம் செய்ய வந்தார். அவருக்கு அந்த வாரம் மூச்சுவிட நேரம் இல்லை. ஒரு பக்கம் மழித்துவிட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டே, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, "அண்ணா, கெழக்க வாய்க்கால் கரை பூராக் காளானுங்க. செவப்புத் தலையோட, கிள்ளக் கிள்ளக் கெளம்புதாமா. சனம் கூடை போட்டுப் பொறுக்குது" என்றார்.

பாதி மழித்த முகத்தைத் துடைத்துக்கொண்டு மொபெட்டை எடுத்தேன். மறுநாள் படையலுக்கு வாழையிலையில் அவளுக்குப் பிடித்ததை எல்லாம் வைக்க வேண்டும். காளான் ஒன்று, ஒன்றே ஒன்று வேண்டும். முதல் ஊரில் கரையெல்லாம் கிள்ளிய தண்டுகள்தான் இருந்தன. அடுத்த ஊரில் காலையிலேயே தீர்ந்துவிட்டது என்றார்கள். அதற்கு அடுத்த ஊரில், நாளைக்கு வாங்க, இன்னும் வரும் என்றார்கள். நாளைக்கு வந்து எனக்கு என்ன ஆக வேண்டும். சில்லு தங்கிய மேடு, நாணல் மறைவு, மதகின் அடிப்பக்கம் என்று தேடிக்கொண்டே போனேன். எல்லா இடத்திலும் மனிதர்கள் எனக்கு முன்னால் சந்தோஷமாக வந்துபோயிருந்தார்கள்.

பெயர் தெரியாத ஓர் ஊரின் கடைசி வீட்டில் குழம்பு வாசனை வந்தது. வெளியடுப்பில் ஒரு பெண் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். பாதி மழித்த முகத்தோடு போய் நின்றேன்.

"காளான் ஒண்ணு வேணும்மா. பச்சையா. படையலுக்கு."

"யாருக்குங்க?"

"வீட்டுக்காரிக்கு."

அவள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். "அடடா, இருந்ததப் பூராம் போட்டுட்டனுங்களே. சட்டியோட குடுக்கறேன், எடுத்துட்டுப் போங்க." துணியைப் பிடித்துச் சட்டியை இறக்கினாள். இறக்கியவள் அப்படியே நின்றாள். "உப்புப் பாத்துட்டனுங்க."

நாக்கில் பட்டது படையலுக்கு ஆகாது. இரண்டு பேரும் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே ஆவியில் சிவப்புச் சிவப்பாகக் காளான் துண்டுகள் குதித்துக்கொண்டிருந்தன.

"நீங்களாச்சும் ஒரு வாய் தின்னுட்டுப் போங்க. மூஞ்சியப் பாத்தா ரெண்டு நாளாத் தின்ன மாதிரியே தெரியலை" என்றாள்.

மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அவள் தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டாள். ஊற்றச் சொன்னேன்.